மாடிப்படி சிஸ்டரும் அவள் அம்மாவும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. இதய வார்டில் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் மாடிப்படி சிஸ்டர்.

அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இல்லாமல் இல்லை. நல்ல லிஃப்ட். உள்ளே ஆளுயரக் கண்ணாடி கூட உண்டு, நோயாளி தன் முகத்தைப் பார்த்துக் கூடுதலாகப் பயந்துகொள்ள வசதியாக. ஆனால் மாரடைப்பு வந்து, பிழைத்து, வீட்டில் சில வாரம் இருந்துவிட்டு மறுபரிசோதனைக்கு வருகிறவர்களை, டாக்டர் பார்த்து ‘சரி’ என்று தலையாட்டியதும், அவள் லிஃப்டைத் தாண்டி வார்டுக்குப் பின்புறமுள்ள படிக்கட்டுக்குக் கூட்டிப்போவாள். தனியாக இல்லை, வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ கூட வரவேண்டும். இரண்டு மாடி. நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடியே ஏறுவாள். உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேச்சை எடுத்திருப்பாள்.

எந்தப் பேச்சு என்று கேட்கிறவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கவேண்டும், அல்லது நடிக்கிறார்கள்.

மாரடைப்பு வந்த மனிதனுக்கு இந்த உலகம் எதைத்தான் சொல்லி அனுப்பவில்லை? எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய், எப்போது வண்டி ஓட்டலாம், எப்போது பக்கெட் தூக்கலாம். பக்கெட்டைப் பற்றி அவ்வளவு அக்கறை. கட்டிலைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். கட்டில் என்பது தலையணை வைக்க வாங்கிய மேஜை என்று நினைப்பு போல.

அவளுக்கு இந்த ஞானம் ஒரு ரொட்டிக்கடைக்காரர் வழியாக வந்தது. அந்த மனிதர் பிழைத்து வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி தாழ்வாரத்தில் அவளை மடக்கி, வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள்:

“சிஸ்டர், இந்த நெஞ்சுல ஒயர் ஒட்டி ஒரு டெஸ்ட் எடுக்கறீங்களே, அதுல வேற யாராவது அவர் மனசுல இருந்தா தெரியுமா?”

“அதெல்லாம் தெரியாதும்மா. ஏன் கேக்கறீங்க?”

“அவர் வீட்ல படுக்கறதே இல்ல. கடையிலேயே மாவு மூட்டை மேல படுத்துக்கறார். கேட்டா மூட்டைக்குக் காவல்ங்கறார். மாவை எவன் திருடப்போறான்?”

ரொட்டிக்கடைக்காரர் மனசில் யாரும் இல்லை. பயம்தான் இருந்தது. மனைவியைத் தொட்டால் நெஞ்சு வெடித்துச் செத்துப்போவோம் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, மாவு மூட்டையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். “டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டாள் இவள். “சொன்னாரே. எல்லாம் நார்மலா இருக்கலாம்னார்” என்றார் அவர்.

அவள் நேரே பெரிய டாக்டரிடம் போனாள். அவர் நல்ல மனுஷர். இதயத்தைத் திறந்து கையில் எடுக்கச் சொன்னாலும் நடுங்காதவர். இந்த விஷயத்தைக் கேட்டதும் பேனா மூடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றினார். “நீ சொல்றது சரிதான். நான் வாயைத் திறந்தா ‘நார்மல்’தான் வருது. உனக்கு வாய் வருமா? வரும்னா போய் ஒழுங்கா படிச்சிட்டு வா, அனுப்பறேன்” என்றார். அனுப்பினார். படித்துவிட்டு வந்தாள்.

படிக்கட்டு மட்டும் படிப்பில் வந்தது அல்ல, அவளே கண்டுபிடித்தது. முதலில் ஓர் அறையில் மேஜை போட்டு, எதிரில் தம்பதியை உட்காரவைத்துப் பார்த்தாள். புருஷன் மின்விசிறியைப் பார்ப்பார், பெண்டாட்டி தரையைப் பார்ப்பாள். “ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்றால் “ஒண்ணும் இல்ல சிஸ்டர்” என்று கோரஸாக வரும். ஒருநாள் மின்சாரம் போய் ஒரு தபால்காரரையும் அவர் மனைவியையும் படிவழியாக அழைத்துப்போக நேர்ந்தது. படியில் ஏறுகிறவன் தன் காலைத்தான் பார்த்தாக வேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. முதல் மாடி தாண்டியதும் தபால்காரர் தானாகவே வாயைத் திறந்தார். அன்றைக்கே மேஜையை மருந்து அடுக்கக் கொடுத்துவிட்டாள்.

“இந்த ரெண்டு மாடி வலி இல்லாம, மூச்சு முட்டாம ஏறினா, வீட்டுல அதுக்கும் உங்க நெஞ்சு தாங்கும். ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே உழைப்புதான்” என்பாள்.

“எங்க வீட்டுல மாடியே இல்லையே சிஸ்டர்?” என்றார் தபால்காரர்.

“மாடி வேண்டாம். மனசு இருந்தாப் போதும்.”

ஆண்களுக்கு மட்டும்தான் நெஞ்சு இருக்கிறது என்று நினைக்கிற கூட்டமும் உண்டு. ஒரு கணக்கு டீச்சருக்கு மாரடைப்பு வந்து தேறியபோது வார்டில் யாருக்கும் அந்த அம்மாவிடம் இதைச் சொல்லத் தோன்றவில்லை. அவரே வந்து நின்றார். “எனக்குப் பயம் இல்ல. என் வீட்டுக்காரர்தான் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூரத்துல வெச்சுப் பார்த்துட்டிருக்கார். அவரை ஏத்துங்க மாடி” என்றார். ஏற்றினாள்.

இப்படியே அவள் பெயர் பரவியது. கூச்சத்தோடுதான் பரவியது, யாரும் உரக்கச் சொல்லிப் பரப்புகிற சங்கதி இல்லையே. ஆனால் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜோடி ஜோடியாக வந்து, “அந்தப் படிக்கட்டு எங்கே?” என்று காவலாளியிடம் காதோடு கேட்டார்கள். அவளுக்கு அதில் கர்வம் உண்டு. அதை மறைக்கவும் மாட்டாள். “நான் வாயைத் திறந்ததால எத்தனை மாவு மூட்டை தப்பிச்சிருக்கு தெரியுமா?” என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொள்வாள்.

அவள் அம்மாதான் பாவம். பொண்ணு என்ன வேலை செய்கிறாள் என்று உறவுக்காரர்கள் கேட்டால், “ஹார்ட் வார்டுல புத்திமதி சொல்றா” என்று சொல்லிவிட்டு உடனே அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி எழுந்து போவாள்.

இந்த நிலையில்தான் அப்பாவுக்கு வந்தது.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வாழ்நாள் முழுக்க, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனி பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர். ஒரு காலை நேரம், கியர் போடத் தெரியாத ஓர் அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதுவரை ஒவ்வொரு முக்கிலும் வண்டியை அணைத்துவிடுகிற அந்த அம்மாள், அன்றைக்கு ஓர் இடத்தில்கூட அணைக்காமல், சந்து சந்தாக வளைத்து நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை: “அந்தம்மா பாஸு.”

மகள் பக்கத்திலேயே இருந்தாள். மாத்திரை அவள், நடை அவள், உப்பு அவள். மறுபரிசோதனை நாளும் வந்தது. பெரிய டாக்டர் ‘சரி’ என்றார். அடுத்தது படிக்கட்டு.

அவள் பிசியோவைக் கூப்பிட்டாள். நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கிற அந்தப் பையனுக்கு மீசை மட்டும்தான் பெரியது. அவளைக் கண்டால் பயம்.

“அப்பாவை நீ ஏத்து. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்.”

“சிஸ்டர், நீங்கதானே வயசு பார்க்காம எல்லாருக்கும் சொல்லணும்னு...”

“எல்லாருக்கும்தான். அவருக்கு என் வயசுல ஒரு பொண்ணு இருக்கா.”

பிசியோ மீசையைத் தடவிக்கொண்டு, அப்பாவை வாயே திறக்காமல் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து விட்டான். அப்பாவுக்கு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. மகளுக்குப் பரம திருப்தி. ஊருக்கெல்லாம் குடை பிடிக்கிறவள் தன் வீட்டு ஓட்டையைப் பார்க்காமல் போனாள்.

ஆனால் வீட்டில் அப்பா தேறவில்லை. உடம்பு தேறியது, மனுஷர் தேறவில்லை. டிரைவிங் ஸ்கூலுக்குப் போகலாம் என்று சொல்லியும் போகவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கீழே போகிற வண்டிகளைத் திட்டக்கூட மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வந்து பிரஷர் பார்த்தாள். சரியாக இருந்தது. உப்பை இன்னும் குறைத்தாள். சாப்பாடு இன்னும் சப்பென்று ஆனது. அவர் முகமும்தான்.

“என்னப்பா, என்ன பண்ணுது?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.”

அம்மாவிடம் கேட்டால், “அவருக்கு என் மேல ஏதோ கோவம்” என்றாள். அம்மாவின் தலையணை கூடத்து சோபாவுக்கு வந்துவிட்டதை மகள் பார்த்தாள். ‘ராத்திரி இருமல் போல’ என்று தனக்குத் தானே வைத்தியம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் கண்ணெதிரே நடந்தது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த அப்பா, போகிற போக்கில் அவள் தோளில் கையை வைத்தார். முப்பது நாற்பது வருஷமாக வைக்கிற கைதான். அம்மா மின்சாரம் பட்டவள் மாதிரி விலகினாள். “சும்மா இருங்க. உடம்பு இருக்கிற இருப்புக்கு” என்றாள். அப்பா கையை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

இந்த விலகலை மகள் எத்தனை ஜோடிகளிடம் பார்த்திருக்கிறாள்! பார்த்த மாத்திரத்தில் நோய் இன்னதென்று சொல்லிவிடுவாள். இப்போதும் தெரிந்தது. தெரிந்துகொண்டு உப்பு டப்பாவை எடுத்து அது எங்கே இருக்கவேண்டுமோ அங்கே வைத்தாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் கேட்டான்: “அப்பாவை மாடி ஏத்தவெச்சியே, விஷயத்தைச் சொன்னியா?”

“அப்பாகிட்ட எப்படிங்க?”

“அடேங்கப்பா. அடுத்தவங்க அப்பா அம்மாவுக்கெல்லாம் சொல்வியாம், உன் அப்பா அம்மாவுக்கு மட்டும் சொல்ல மாட்டியாம். உன்னைக் கடையில வாங்கிட்டு வந்தாங்கன்னு நினைச்சிட்டிருக்கியா?”

அவளுக்கு ரோஷம் வந்தது, வாய் வரவில்லை. பெரிய டாக்டரிடம் போய் நின்றாள். “நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்.” அவர் அப்பாவை வரவழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் நெற்றியைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

“சொல்லிட்டேன்.”

“என்ன சார் சொன்னீங்க?”

“எல்லாம் நார்மலா இருக்கலாம்னேன். கார் ஓட்டலாமான்னார். ஓட்டலாம்னேன்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்மா. அதுக்கே எனக்கு வேர்த்துப்போச்சு.”

அதற்கு அடுத்த வாரம், டோக்கன் வரிசையில், தூண் ஓரத்து நாற்காலியில், வெளியே போகும்போது மட்டும் உடுத்துகிற நல்ல துணியை உடுத்திக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். மகள் ஓடி வந்தாள்.

“அம்மா! அப்பாவுக்கு என்ன?”

“அவருக்கென்ன, ஜன்னலைக் காவல் காத்துட்டிருக்கார். நான் மாடிப்படி சிஸ்டரைப் பார்க்க வந்தேன்.” அம்மா டோக்கனை நீட்டினாள். “வரிசையிலதான் வந்திருக்கேன். யாரையும் முந்தல.”

“வீட்ல பேசிக்கலாம்மா.”

“வீட்ல நீ என் பொண்ணு, உன்கிட்ட எப்படிக் கேக்கறது? இங்க நீங்க சிஸ்டர். நான் ஒரு நோயாளியோட சம்சாரம். இங்க வர்ற வயசான பொம்பளைங்களை எல்லாம் ‘அம்மா’ன்னுதானே கூப்பிடறீங்க? என்னையும் அப்படியே கூப்பிடுங்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

பின்னால் பிசியோ கையிலிருந்த எதையோ கீழே போட்டான்.

“இங்க வரச்சொல்லி யார் சொன்னா?”

“மருந்துக்கடை வரிசையில ஒரு அம்மா. ரொட்டிக்கடை வெச்சிருக்காங்களாம். நான் முகத்தைத் தொங்கப் போட்டுட்டு நின்னேன் போல. என் காதுல வந்து, ‘பெரிய ஆஸ்பத்திரியில மாடிப்படி சிஸ்டர்னு ஒருத்தங்க, எங்க குடும்பத்தைக் காப்பாத்திக் கொடுத்தாங்க, கூச்சப்படாம போங்க’ன்னு சொன்னாங்க. உங்களை எனக்குத் தெரியும்னு நான் சொல்லிக்கல.”

ஆக, படிக்கட்டு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில், அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். அம்மா கைப்பிடியைத் தொட்டு விரலைப் பார்த்தாள்.

“இந்தக் கைப்பிடியை யாரும் துடைக்கறதில்லையா சிஸ்டர்?”

“சொல்றேன்மா, துடைக்கச் சொல்றேன்.”

இன்னும் கொஞ்சம் படி.

“என் வீட்டுக்காரர் கையை வெச்சா நான் தட்டிவிட்டுடறேன்.”

“ஏம்மா?”

அந்த ‘அம்மா’ எந்த அம்மா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கேட்ட குரல் வார்டுக் குரல். நடுங்காத குரல். அதைக் கேட்டதும் அவளுக்கே தைரியம் வந்தது.

“பயம்தான். அன்னிக்குக் காலைல அவருக்கு வலி வந்துச்சு இல்ல?” அம்மா நின்றாள். “அதுக்கு முந்தின நாள் ராத்திரி நாங்க...”

“சரிம்மா. புரியுது.”

“நான்தான் சிஸ்டர் காரணம். இந்த வயசுல என்னன்னு நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. ஏன்னா எனக்கும் வேண்டாம்னு இல்ல.” அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “யார்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரியில அவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், கொன்னுட்டேன், கொன்னுட்டேன்னு உள்ளே ஓடிட்டே இருந்துச்சு.”

இந்த வாக்கியத்தை மகள் எத்தனையோ பெண்களிடம் கேட்டிருக்கிறாள். அது தான் பிறந்த வீட்டுக் கூடத்தில், சோபாவில், தலையணைக்கு அடியில் இத்தனை வாரமாகப் படுத்திருந்தது என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை. கட்டிப்பிடித்து அழத்தான் தோன்றியது. ஆனால் அம்மா வந்திருப்பது மகளைத் தேடி அல்லவே. ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

“அம்மா, நேராவே சொல்றேன். நீங்க காரணம் இல்ல. அந்தக் குழாய் ஒரு ராத்திரியில அடைச்சது இல்ல, வருஷக்கணக்கா அடைச்சது. சிகரெட்டு, நாள் பூரா உட்கார்ந்தே பார்க்கிற வேலை...”

“சிகரெட்டை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுவார். சட்டையை மோந்தாலே தெரியும்.”

“அதேதான். நீங்க சொல்றதால மாரடைப்பு வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். அப்படியே வர்றதா இருந்தாலும் அப்பவே வந்திருக்கும், இல்ல கொஞ்ச நேரத்துல வந்திருக்கும். மறுநாள் கார்ல உட்கார்ந்திருக்கும்போது வராது. முந்தின நாள் அவர் பேப்பரும்தான் படிச்சார். பேப்பர் மேல பழி போடுவீங்களா?”

“பேப்பரையும் நிறுத்திட்டேன்” என்றாள் அம்மா.

மகள் சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள்; சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது; துடைத்துக்கொண்டு எழுந்தாள். மிச்சப் படிகளையும் ஏறினார்கள். அம்மாவின் கேள்விகள் அவிழ்த்துவிட்ட கோழி மாதிரி வெளியே வந்தன. இப்போது பயமில்லையா? ‘இல்ல. மாடி ஏறிட்டார், டாக்டரும் பார்த்துட்டார். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம், களைப்பா இருந்தா வேண்டாம், அவ்வளவுதான்.’ நடுவில் வலித்தால்? ‘உடனே நிறுத்திட்டு உட்காரணும். நாக்குக்கு அடியில வைக்கச் சொன்ன மாத்திரையை டாக்டர் சொன்னபடி வைக்கணும். வலி அடங்கலைன்னா ஆம்புலன்ஸ். வெட்கப்பட்டுட்டு விடியட்டும்னு இருக்கக்கூடாது.’ முன்னே மாதிரி அவருக்கு முடியாமல் போனால்?

“சில பேருக்கு மாத்திரையால அப்படி ஆகும், சில பேருக்குப் பயத்தாலயே ஆகும். அவரா எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. டாக்டர்கிட்ட சொன்னா பார்த்து மாத்திக் கொடுப்பார்.”

“பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஒரு மாத்திரை இருக்கு, சூரன் மாத்திரைன்னு இவர்கிட்ட ஓதிட்டிருந்தார்.”

“தொடவே கூடாதும்மா! நாக்குக்கு அடியில வைக்கிறதும் அதுவும் சேர்ந்தா பிரஷர் தடால்னு இறங்கி ஆளே விழுந்துடுவார். பக்கத்து வீட்டுக்காரர் எந்த காலேஜ்ல படிச்சார்?”

“அவர் பெயின்ட் அடிக்கறவர்.”

“சுவத்துக்கு மட்டும் அடிக்கச் சொல்லுங்க. அவசரமே இல்லம்மா. முதல்ல தலையணையை உள்ளே கொண்டு போங்க. கையைப் பிடிச்சுட்டுத் தூங்குங்க. மத்தது தானா வந்தா வரட்டும், வரலைன்னா குடி முழுகிடாது. அவர் ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருக்கறது நெஞ்சுவலியால இல்ல. நீங்க தட்டிவிட்டதால.”

உச்சியில் நின்று அம்மா மூச்சு விட்டாள். வாங்கிய மூச்சு அல்ல. பல வாரமாக அடக்கிவைத்திருந்த மூச்சு.

“அவரையும் கூட்டிட்டு வாங்கம்மா. நானே சொல்றேன்” என்றாள் மகள். இந்தத் தடவை நிஜமாகவே சொல்லியிருப்பாள்.

“நீங்க சொன்னா அவர் இங்கேயிருந்தே குதிச்சிடுவார். நான் சொல்லிக்கறேன். எப்படிச் சொல்றதுன்னுதான் இப்பத் தெரிஞ்சுடுச்சே.” கீழே இறங்கி, வார்டு வாசலில், எல்லார் காதிலும் விழும்படி அம்மா திரும்பினாள். “நல்லா சொல்றீங்க சிஸ்டர். உங்களைப் பெத்தவ கொடுத்து வெச்சவ.”

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். மாடிப்படி சிஸ்டர் மருந்து அறைக்குள் புகுந்துகொண்டு வெகுநேரம் வரவில்லை. அடுத்த டோக்கன்காரர்கள் முணுமுணுத்தார்கள். “சிஸ்டர் முக்கியமான வேலையா இருக்காங்க” என்று பிசியோ மீசையை முறுக்கி அதட்டினான்.

பதினைந்து நாள் போல அவளால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. போனில் கேட்டால் அம்மா, “நல்லா இருக்கோம்” என்பாள், வேறெதுவும் சொல்லமாட்டாள். அப்பா டிரைவிங் ஸ்கூலுக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், பிரஷர் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் அழைப்புமணியை அழுத்தினாள்.

பதில் இல்லை. மறுபடி அழுத்தினாள். வார்டுக்காரி அல்லவா, மனசு கெட்டதைத்தான் முதலில் நினைத்தது. கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது, அது ஒரு சாண் திறந்தது. அப்பாவின் முகம் தெரிந்தது. தலைமுடி நாலா பக்கமும் நின்றது.

“என்னம்மா?”

“பிரஷர் பார்க்கலாம்னு வந்தேன்பா.”

“பிரஷர் எல்லாம் பிரமாதமா இருக்கு. சாயங்காலம் வா.”

“அம்மா எங்கே?”

“அம்மாவும் பிரமாதமா இருக்கா.”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது, சிரிப்பை விழுங்கிக்கொண்டு: “யாருங்க அது?”

அப்பா மகளின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: “யாரோ சோப்பு விக்க வந்திருக்காங்க!”

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளும் விழுந்தது.

பெற்ற அப்பனே சோப்பு விற்கிறவள் என்று சொல்லி வாசலோடு அனுப்பினால் வேறெந்த மகளும் ஊரைக் கூட்டியிருப்பாள். இவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். கீழ்த்தளத்துத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“என்னம்மா, போன வேகத்துல திரும்பிட்டே? அப்பா இல்லையா?”

“இருக்காரு.”

“உடம்பு இப்ப எப்படி?”

“என்னையே வெளியே துரத்தற அளவுக்குத் தேறிட்டாரு” என்றாள். பிரஷர் மெஷினைப் பந்தயத்தில் ஜெயித்த கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, நட்டநடு வெயிலில், தெருவின் நடுவே நடந்து போனாள்.